செத்தால் இன்னொன்று வாங்கலாம் என்போருக்கு

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம், எனக்கு மருமகன் முறையான ஒருவர் சிறிய விருந்தினர் விடுதி ஒன்றைக் கட்டியிருக்கிறார். இருபது ஆண்டுகள் கனடாவில் உழைத்துச் சேர்த்த பணம். கட்டடத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. வரவேற்பறையில் ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி. அதற்குள் கடல்நீர், முருகைக்கற்கள், அவற்றுக்கிடையே பன்னிரண்டு கடல்மீன்கள். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் விடுதியைப் பார்த்ததைவிட மீன்களைப் பார்த்ததே அதிகம். நானும் நெடுநேரம் நின்று பார்த்தேன். போரில் கூரை இழந்த ஊரில் ஒருவர் அழகுக்காகச் செலவு செய்யத் தொடங்கியிருக்கிறாரே என்று மனதுக்குள் மகிழ்ந்தேன் என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

ஒன்பதாம் நாள் மறுபடியும் போனேன். பதினொரு மீன்கள் இறந்து போயிருந்தன. எஞ்சியிருந்தது டாம்செல் எனப்படும் நீல நிறச் சிறுமீன் ஒன்று. அதன் செட்டையிலும் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். என் முகத்தைப் பார்த்த மருமகன் சொன்னார்:

"ஏன் மாமா யோசிக்கிறியள்? மீன்தானே. செத்தால் இன்னொண்டு வாங்கலாம்."

இந்தப் பத்தி அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராக எழுதப்படுவது. என் மருமகன் கெட்டவரல்லர். அவர் சொன்னதை ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் சென்னையிலும் சொல்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பர் என்பதால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

ஒரு சாவு நடந்தால் காரணம் கேட்பது செய்தியாளனின் பழக்கம். கேட்டேன். கடலுயிரியல் படித்த நண்பர் ஒருவரிடம் புள்ளிகளை விவரித்தபோது அவர் கேட்ட முதற் கேள்வி, "புதிய மீன்களை எத்தனை நாள் தனித்தொட்டியில் வைத்திருந்தார்?" என்பது. ஒரு நாளும் இல்லை. கொழும்பிலிருந்து ரெஜிபோம் பெட்டியில் வந்த மீன்கள் அன்று மாலையே நேராகப் பெரிய தொட்டிக்குள் இறங்கியிருந்தன. "அப்படியானால் கேட்பதற்கு வேறொன்றுமில்லை" என்றார் நண்பர்.

அவர் விளக்கியதைச் சுருக்கித் தருகிறேன். கிரிப்ரோகாரியன் இரிற்றன்ஸ் என்ற நுண்ணுயிர் ஒன்று உண்டு. வெப்பக் கடல் மீன்களின் தோலிலும் பூவிலும் புகுந்து மூன்று முதல் ஏழு நாட்கள் வரை தின்று வளரும். நாம் காணும் வெள்ளைப் புள்ளி அதுதான். வளர்ந்தபின் மீனைவிட்டு உதிர்ந்து, மணலிலோ கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு கூடு கட்டும். புள்ளி மறைந்துவிட்டது, மீன் குணமாகிவிட்டது என்று வளர்ப்பவர் நிம்மதியடைவது அப்போதுதான். கூட்டுக்குள் அந்த ஓர் உயிர் பிரிந்து பிரிந்து சில நூறாகும். கூடு வெடித்ததும் அவை நீந்திப் புறப்பட்டு, ஒன்றிரண்டு நாட்களுக்குள் ஒரு மீனைக் கண்டடைய வேண்டும், இல்லாவிடில் செத்துவிடும். பரந்த கடலில் அவற்றுள் பெரும்பாலானவை மீனைக் காணாமலே அழிகின்றன. அதனால் கடலில் இந்த நோய் இருந்தாலும் மீன் இருக்கிறது. ஆறடித் தொட்டியில் தப்ப இடமில்லை. ஒரு மீன் கொண்டுவந்த நோய், இரண்டாவது சுற்றில் எல்லா மீன்களின் பூவையும் அடைத்துவிடுகிறது. மூச்சு முட்டிச் சாகின்றன.

இதில் மர்மம் எதுவுமில்லை. விதி என்று சொல்லவும் எதுவுமில்லை. ஒரு தொட்டி இல்லாததால் வந்த சாவு இது.

"செத்தால் இன்னொன்று" என்பவரிடம் நான் கேட்க விரும்பும் முதற் கேள்வி: அந்த இன்னொன்று எங்கிருந்து வருகிறது?

நன்னீர் அலங்கார மீன்களிற் பெரும்பாலானவை பண்ணையிற் பிறந்தவை. கடல்மீன்களின் கதை மறுதலை. கோமாளி மீன் போன்ற சில இனங்களைத் தவிர, கடைகளிற் காணும் கடல்மீன்களிற் பெரும்பாலானவை கடலிலிருந்து உயிரோடு பிடிக்கப்பட்டவை. இலங்கையும் அப்படிப் பிடித்து ஏற்றுமதி செய்யும் நாடுகளில் ஒன்று. கிழக்கிலும் தெற்கிலும் முருகைக்கற்பாறைகளுக்கிடையே சுழியோடிகள் இறங்கி, சிறு வலைகளால் ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். ஆழத்தில் அதிக நேரம் இருந்துவிட்டு அவசரமாக மேலே வந்தால் குருதியில் நைதரசன் குமிழிகள் உண்டாகும், கைகால் முடங்கும், உயிரும் போகும். பிடிபட்ட மீன் சேகரிப்பாளரிடமும் ஏற்றுமதியாளரிடமும் இருந்து விமானமேறி, மொத்த வியாபாரியிடமும் கடைக்காரரிடமும் போய்ச் சேர்கிறது. வழிநெடுக வெவ்வேறு கடல்களின் மீன்கள் அடுத்தடுத்து ஒரே நீரில் வைக்கப்படுகின்றன. பொதியிடுமுன் நீர் அழுக்காகாதிருக்க அவை பட்டினி போடப்படுகின்றன. களைத்து, மெலிந்து, பிற மீன்களின் நோயை ஏந்தி வந்து சேரும் உயிரை அன்று மாலையே வரவேற்பறையில் காட்சிக்கு வைக்கிறோம்.

ஆகவே, இறந்த பதினொரு மீன்களுக்குப் பதில் வாங்கப்படும் பதினொன்றும் பாறையிலிருந்துதான் எடுக்கப்பட வேண்டும். 1998ஆம் ஆண்டு கடல் வெப்பமடைந்து முருகைக்கற்கள் வெளிறி மடிந்த பேரழிவிலிருந்து நம் பாறைகள் பல இன்னும் முழுமையாக மீளவில்லை. அவற்றிடம்தான் நாம் "இன்னொன்று" கேட்கிறோம். மீன் வளர்ப்பதே பாவம் என்று நான் வாதிடவில்லை. சுழியோடியின் குடும்பம் அந்த வருவாயில்தான் உண்கிறது. ஆனால் ஒரு மீனைக் கடலிலிருந்து எடுத்தவன் அதை வாழவைக்கக் கடமைப்பட்டவன். ஒரு மீனுக்குப் பன்னிரண்டு மீன்களைச் செலவிடுபவனை வளர்ப்பவன் என்று எப்படி அழைப்பது?

தனிமைப்படுத்தல் என்பது புதிய கண்டுபிடிப்பன்று. 1377ஆம் ஆண்டிலேயே, இன்று துப்ரோவ்னிக் எனப்படும் ரகூசா நகரம், கொள்ளைநோய்ப் பகுதிகளிலிருந்து வருவோரை முப்பது நாட்கள் வெளியே நிறுத்தியது. பின்னர் வெனிஸ் அதை நாற்பதாக்கியது. ஆங்கிலச் சொல்லான குவாரன்ரைன் அந்த நாற்பதிலிருந்து பிறந்தது. நமக்கும் இது அந்நியமன்று. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழர்கள் கடல் கடக்குமுன் மண்டபம் முகாமில் நிறுத்தி வைக்கப்பட்டார்கள். அவர்களின் வழிவந்தோரிற் பலர் 1958, 1977 வன்செயல்களுக்குப் பின் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறி வன்னி மக்களாயினர். 2020ஆம் ஆண்டுக் கொரோனாக் காலத்தில் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் படை முகாம்கள் தனிமைப்படுத்தல் நிலையங்களாயின.

இதற்கிடையே இன்னொன்றும் நடந்தது. 2009இல் ஏறத்தாழ மூன்று இலட்சம் வன்னி மக்கள் வவுனியாவில் முட்கம்பிக்குள் வைக்கப்பட்டார்கள். மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில்தான் மூடப்பட்டது. மனிதரையும் மீனையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. அப்படி எவரும் வாசித்துவிட வேண்டாம். ஆனால் "தனித்தொட்டி என்பது மீனுக்குச் சிறைதானே" என்று என் மருமகன் கேட்டபோது, அந்த வேறுபாட்டை வன்னியில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை என்றே பதில் சொன்னேன். அடைத்து வைத்தல் வேறு, காத்து வைத்தல் வேறு. காத்து வைப்பதற்கு ஒரு நாட்கணக்கு உண்டு. உள்ளே இருப்பவருக்கு உணவும் சுத்தமான நீரும் மறைவிடமும் உண்டு. நோய் வந்தால் மருந்து உண்டு. கணக்கு முடிந்ததும் கதவு திறக்கும். தொட்டியைத் தெரிவு செய்யும்போது நாம் பார்க்க வேண்டியவையும் இவைதாம்.

இனிச் சாக்குப்போக்குகளுக்கு வருவோம். நான் கேட்டவை நான்கு.

முதலாவது, செலவு. ஆறடித் தொட்டிக்கும் விளக்குக்கும் இயந்திரங்களுக்கும் இலட்சக்கணக்கில் கொடுத்தவர் சொல்லும் சாக்கு இது. சிறுமீன்களுக்கு எண்பது முதல் நூறு லீற்றர் கொள்ளும் தொட்டி போதும். கையளவைவிடப் பெரிய மீனுக்கும், ஓயாது நீந்தும் இனத்துக்கும் அதனினும் இரட்டிப்பு வேண்டும். கண்ணாடியாக இருக்க வேண்டுமென்பதுமில்லை. உணவுப்பொருள் வைப்பதற்கென்று செய்யப்பட்ட வெளிர்நிறப் பிளாஸ்ரிக் தொட்டி தாராளமாகப் போதும். அடியில் கழிவும் எஞ்சிய உணவும் கிடப்பது அதில் எளிதாகத் தெரியும். இரசாயனம் வந்த நீல நிறப் பீப்பாயை மட்டும் எவ்வளவு கழுவினாலும் பயன்படுத்தக்கூடாது. மீன் துள்ளி விழாதிருக்க மேலே வலைமூடி ஒன்று வேண்டும். இவ்வளவுக்கும் ஆகும் செலவு, இறந்த பதினொரு மீன்களில் இரண்டின் விலைக்கு மேற்படாது.

இரண்டாவது, அழகின்மை. உண்மைதான், தனித்தொட்டி அழகாக இராது, இருக்கவும் கூடாது. அதில் மணல் வேண்டாம், முருகைக்கல் வேண்டாம். நோயுயிர் கூடு கட்டும் இடங்கள் அவை. அன்றியும், இந்நோய்க்குக் கொடுக்கும் செப்பு மருந்தைச் சுண்ணாம்புத் தன்மையுள்ள மணலும் கல்லும் உறிஞ்சிக்கொள்ளும். நீரில் எவ்வளவு மருந்து எஞ்சியிருக்கிறது என்று கணிக்க முடியாமற் போகும். செப்பயனின் அளவு லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். குறைந்தால் நோய் சாகாது. கூடினால் மீன் சாகும். வேறு வகைச் செப்புக் கலவைகளுக்கு அளவும் வேறு. அளந்து பார்க்கும் கருவியின்றி மருந்தூற்றுவது கண்ணை மூடிக்கொண்டு ஊசி போடுவது. இதையே பெரிய தொட்டியில் ஊற்றினால் இறாலும் பவளமும் முதலில் மடியும். அதனாற்றான் தனித்தொட்டி வேண்டுமென்பது. மீன் ஒளிந்துகொள்ள இரண்டு மூன்று பிவிசி குழாய்த் துண்டுகள் போட்டால் போதும். மறைவிடமில்லாத மீன் பயத்தில் உண்ணாது.

மூன்றாவது, "சிறு தொட்டியில் மீன் தானாகச் செத்துவிடும்" என்பது. நீரை ஆயத்தம் செய்யாமல் வைத்தால் சாகத்தான் செய்யும். மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது. அதை உண்டு மாற்றும் நுண்ணுயிர்கள் புதிய தொட்டியில் இல்லை. அவை வளர மூன்று நான்கு வாரங்கள் வேண்டும். கடல்நீரின் காரத்தன்மையில் அமோனியாவின் நஞ்சு நன்னீரில் இருப்பதைவிட அதிகம். பரிகாரம் எளிது. மீன் வாங்குமுன் ஒரு கடற்பஞ்சு வடிகட்டியை நோயற்ற தொட்டியில் ஒரு மாதம் வைத்து, பிறகு தனித்தொட்டிக்கு மாற்ற வேண்டும். பெரிய தொட்டியே புதியதென்றால், முதலில் பஞ்சைத் தனித்தொட்டியில் பழக்க வேண்டும். நாள்தோறும் அமோனியாவைச் சோதித்து, கூடினால் நீர் மாற்ற வேண்டும். மேலைநாட்டு நூல்கள் நீர்சூடாக்கி வாங்கச் சொல்லும். வன்னியின் சித்திரை வைகாசிக்கு அது வேண்டியதில்லை. மாறாக, சூடான நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும் என்பதால், காற்றூட்டும் மோட்டாரும், மின்சாரம் நின்றால் அதை ஓட்ட ஒரு பற்றரியும் கட்டாயம். நீரின் உப்பையும் கருவிகொண்டு அளக்க வேண்டும். களப்பு நீரை அப்படியே கானில் அள்ளிவந்து ஊற்றுவோர் இருக்கிறார்கள். நந்திக்கடலின் நீர் மாரியில் ஓர் உப்பு, கோடையில் இன்னோர் உப்பு. அது மீன்தொட்டிக்கான நீரன்று.

நான்காவதுதான் உண்மையான காரணம்: பொறுமையின்மை. நான்கு முதல் ஆறு வாரங்கள் ஒரு மீனை எவருக்கும் காட்டாமல் பின்னறையில் வைத்திருக்க மனம் வருவதில்லை. திறப்பு விழாவுக்குத் திகதி குறித்தாயிற்று. படம் பிடித்து உறவினருக்கு அனுப்ப வேண்டும். மற்ற மூன்றும் இந்த நான்காவதுக்குப் போட்ட திரைகளே.

இனி, ஒரு வரவேற்பறையின் எல்லையைத் தாண்டும் விடயத்துக்கு வருகிறேன்.

எஞ்சிய அந்த நீலமீனைப் பார்த்து மருமகனின் மனைவி இரக்கப்பட்டார். "பாவம், இதையாவது முல்லைத்தீவுக்குக் கொண்டுபோய்க் கடலில விடுவம்" என்றார். தொட்டி நீரையும் அங்கேயே ஊற்றிவிடுவதாக மருமகன் ஒப்புக்கொண்டார். பதினொரு சாவைவிட என்னை நடுங்கவைத்தது இந்தக் கருணைதான்.

அந்த மீன் எந்தக் கடலில் பிறந்தது என்று எவருக்கும் தெரியாது. எந்தெந்தக் கடல் மீன்களோடு ஒரே நீரில் கிடந்ததென்றும் தெரியாது. தெரியாத ஒன்றை நம் கடலில் விடுவதன் விலை என்னவென்று உலகம் பார்த்துவிட்டது. இந்து சமுத்திரத்துக்கும் பசிபிக்குக்கும் உரிய நச்சுமுள் கொண்ட சிங்கமீன் 1985இல் அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் முதன்முதலாகக் காணப்பட்டது. வளர்ப்போர் விட்ட மீன்களின் வழிவந்தவை இன்று கரீபியக் கடலெங்கும் பரவி, அங்குள்ள பாறைகளின் சிறுமீன்களைத் தின்று தீர்க்கின்றன. நம் நாட்டிலேயே, கண்ணாடித் தொட்டிக்கென்று கொண்டுவரப்பட்ட கத்திமீனும், தொட்டியைச் சுத்தம் செய்யுமென்று விற்கப்படும் உறிஞ்சிமீனும் நன்னீர் நிலைகளில் பெருகிவிட்டன. நோயின் விலையையும் நாம் அறிவோம். 1996இல் புத்தளப் பகுதி இறால் பண்ணைகளை வெண்புள்ளி நோய் தாக்கியது. அது மீனின் வெண்புள்ளியன்று. இறாலுக்கே உரிய வைரசு. பண்ணைக்குப் பண்ணை பரவி முதலீடுகளையும் வேலைகளையும் அள்ளிச் சென்றது.

ஆங்கிலத்தில் இரணைமடுக் குளமும் ராங்க்தான், என் மருமகனின் கண்ணாடிப் பெட்டியும் ராங்க்தான். அந்த மொழி வேறுபாடு காட்டாத இடத்தில் நாமாவது வேறுபாடு காண வேண்டும். பெட்டியில் நோய் வந்தால் பெட்டியை வெறுமையாக்கலாம். நந்திக்கடலை எவராலும் வெறுமையாக்க முடியாது. அந்தப் பெயரை உலகத் தமிழர் 2009 மே மாதத்தோடு சேர்த்தே நினைக்கிறார்கள். அதன் கரையில் வாழும் குடும்பங்களுக்கோ அது நாளாந்தம் இறாலும் மீனும் தரும் நீர். எல்லாம் இழந்து வெறுங்கையோடு திரும்பியவர்களுக்கு அந்த நீர் மட்டுமே மிச்சமாக இருந்தது. நாயாறும் கொக்கிளாயும் சுண்டிக்குளமும் அப்படித்தான்.

இந்தக் கேள்வியைப் பெரிய முதலீட்டாளர்களிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. 2021இல் பூநகரி கௌதாரிமுனையின் கடலட்டைப் பண்ணை பற்றிச் சர்ச்சை எழுந்தபோது, பண்ணை யாருடையது, எந்த நாட்டவருடையது என்பதே நம் பத்திரிகைகளின் பேச்சாக இருந்தது. அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கடலட்டையோ இறாலோ கொடுவாவோ, குஞ்சுகள் எந்த நீரிலிருந்து வருகின்றன, களப்பில் விடப்படுமுன் எத்தனை நாள் எங்கே கண்காணிக்கப்படுகின்றன, சோதித்தவர் யார் என்ற கேள்விகளையும் அதே குரலில் நாம் கேட்டிருக்க வேண்டும். நானும் பத்திரிகைக்காரன்தான், அக்குறையில் எனக்கும் பங்குண்டு. ஒரு தனிமனிதர் பன்னிரண்டு மீன்களுக்கு ஆறு வாரம் காத்திருக்க வேண்டுமென்றால், ஆயிரமாயிரம் குஞ்சுகளைப் பொதுக்களப்பில் இறக்குபவர் காத்திருக்க வேண்டியதில்லையா?

மண்டபத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன். கூலிகள் நிறுத்தி வைக்கப்பட்ட அதே மண்டபம் முகாமில்தான் இந்தியாவின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1949 முதல் 1971 வரை தலைமையகம் கொண்டிருந்தது. இன்றும் அதன் நிலையம் அங்கே இயங்குகிறது. அங்கே கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கி, குஞ்சுகளை வளர்க்கும் தொழிலைக் கரையோரப் பெண்களுக்கும் கற்பித்தார்கள். பாக்குநீரிணைக்கு அக்கரையில் முடிந்தது இக்கரையில் முடியாததன்று. பாறையைத் தொடாமல் வளர்த்த மீனை வாங்குங்கள். அதையும் தனித்தொட்டியில் வைத்த பின்னரே சேருங்கள்.

நீலமீன் கடலுக்குப் போகவில்லை. விடுதியின் சமையலறைக்குப் பின்னால் உள்ள சாமான் அறையில், வெள்ளைப் பிளாஸ்ரிக் தொட்டி ஒன்றில், இரண்டு குழாய்த் துண்டுகளோடு அது வைக்கப்பட்டது. மருந்தூட்டி, பின்னர் மருந்தின்றியும் பல நாட்கள் பார்த்தோம். புள்ளிகள் திரும்பவில்லை. மீனில்லாத நீரில் அந்த நோயின் கூடு ஆகக்கூடியது 72 நாட்கள் உயிரோடிருந்ததாகப் பதிவு உண்டு. ஆகவே 76 நாட்கள் என்பது கடல்மீன் வளர்ப்போரின் வழக்கமான கணக்கு. அத்தனை நாளும் வரவேற்பறையின் ஆறடித் தொட்டி மீனின்றி நின்றது. விளக்கு எரிந்தது, நீர் ஓடியது, வந்தவர்கள் எல்லாரும் "மீன் எங்கே?" என்று கேட்டார்கள்.

முதல் சில நாட்கள் என் மருமகன் வெட்கப்பட்டார். பிறகு, கேட்டவர்களைச் சாமான் அறைக்கு அழைத்துச் சென்று காட்டத் தொடங்கினார்.

புலம்பெயர்ந்த நாடுகளில் இதை வாசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை கடல்மீன் கேட்டால் மறுக்க வேண்டாம். ஆனால் கடைக்குப் போகுமுன் பின்னறையில் இடம் பாருங்கள். முதலில் வாங்க வேண்டியது அந்த அழகற்ற சிறு தொட்டி. அதற்கு இடமில்லாத வீட்டில் மீனுக்கும் இடமில்லை.